வாரப் பத்திரிகையில் பிறந்த தும்மல்

நெய்வேலியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மூன்று தும்மல் போட்டுவிடுவேன். "இந்த ஊர் தூசி எனக்கு அலர்ஜிப்பா" என்று சொல்லியே இரண்டு நாள் லீவை அரை நாளாக்கி, சென்னைக்கு பஸ் ஏறிவிடுவது வழக்கம்.

அப்பா சுரங்கத்தில் ஜெர்மன் எந்திரங்களோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டியவர். போன தீபாவளிக்கு மடக்கிவிட்டார். "இருபது வருஷம் இதே குவார்ட்டர்ஸ்லதானே வளர்ந்தே? அப்ப இல்லாத அலர்ஜி இப்ப எங்கேர்ந்துடா வந்தது?"

நியாயமான கேள்வி. விசாரித்தால், அதுவும் ஜெர்மன் சரக்குதான்!

வியன்னாவில் க்ளெமென்ஸ் ஃபான் பிர்கே என்று ஒரு குழந்தை டாக்டர். தொண்டை அடைப்பானுக்குக் குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை ஊசியில் ஏற்றிய காலம். சில குழந்தைகளுக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்துத் தடிப்பும் காய்ச்சலும் வந்தன. அதே குழந்தைக்கு மறுபடி ஊசி போட்டாலோ, பத்து நாளெல்லாம் இல்லை, சீக்கிரமே வந்து நின்றன. பிர்கேயும் சகா பேலா ஷிக்கும் யோசித்தார்கள். என் பி.காம். மூளைக்குப் புரிந்தது இது: முதல் தடவை உடம்பு கணக்கைத் திறக்கிறது, அடுத்த தடவை வட்டியோடு வசூல்!

இதற்கு 1906-ல் பிர்கே வைத்த பெயர் 'அலெர்கீ'. கிரேக்கத்தில் 'அல்லோஸ்' என்றால் வேறு, 'எர்கான்' என்றால் செயல். அவர் அதை வெளியிட்டது ம்யூனிக்கின் மருத்துவ வார இதழில். (வாரப் பத்திரிகையைக் கிண்டல் செய்கிறவர்கள் கவனிக்க.) இங்கிலீஷ் வழியாக வந்ததில் 'கீ' போய், மரியாதையாக 'ஜி' சேர்ந்துகொண்டது. நோய் எதிர்ப்பு சக்தி உண்டாவதையும் பிர்கே இதே சொல்லில்தான் அடக்கியிருந்தார். அந்தப் பாதியை உலகம் மறந்துவிட்டது. இப்போது மேனேஜர், மாமியார், திங்கட்கிழமை எல்லாமே நமக்கு அலர்ஜி.

ஆக, முன்பின் பழகாத பொருளுக்கு அலர்ஜி வராது. அப்பாவிடம் ஜம்பமாகச் சொன்னேன். "இருபது வருஷம் பழகினதாலதாம்ப்பா தும்மறேன்!"

தெரிந்த டாக்டர் அதையும் கெடுத்தார். "வெறும் மண்தூசி மூக்கை உறுத்தும், அவ்வளவுதான். அலர்ஜின்னா பழைய மெத்தை, தலையணையில இருக்கிற தூசிப்பூச்சியா இருக்கலாம். பஸ் ஸ்டாண்டுலயே தும்மறீங்கன்னா... அது வேற!"

அப்பாவிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன். மறுநாள் காலை நான் எழுந்தபோது என் இலவம்பஞ்சு மெத்தை மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு குச்சியை வைத்து அடித்துக்கொண்டே அப்பா சொன்னார்:

"அடுத்த வருஷம் ரிடையர்மென்ட். வீட்டைக் காலி பண்ணணும். தும்மறதுன்னா அதுக்குள்ள ரெண்டு தடவை வந்து தும்மிட்டுப் போ."