பட்டாவில் பெண்கள் பெயர் வேண்டும்



பெண் விவசாயிகளின் நிலவுரிமை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை எங்கள் வீட்டு நிலவரத்தையே சொல்கிறது. கறம்பக்குடிப் பக்கம் நாற்று நடுவது, களை பறிப்பது, கடலை ஆய்வது எல்லாம் பெண்கள்தான். அண்ணன் இறந்த பிறகு அண்ணிதான் பயிர் செய்கிறார். பட்டாவோ காலமான எங்கள் அப்பா பெயரிலேயே இருக்கிறது. பயிர்க்கடன் கேட்டுப் போனால், "உங்கள் பெயரில் சிட்டா இல்லையே" என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்துவிட்டது. ஆனாலும் பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடுமோ என்று அஞ்சி, தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் பெண்கள் பலர். இத்தனைக்கும் 1990களில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் சைக்கிள் பழகி, கல்குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்திய பெண்களின் மாவட்டம் எங்கள் புதுக்கோட்டை!

ஜமாபந்தியில் பெண்களுக்கென ஒரு நாள் ஒதுக்கி, வாரிசுப் பட்டா மாறுதல் மனுக்களை வாங்கி முடித்துத் தர வேண்டும். பயிர்க் கணக்கான அடங்கலில் உண்மையில் பயிரிடுபவர் பெயரைக் கிராம நிர்வாக அலுவலர் வயலுக்கு வந்து பார்த்து எழுத வேண்டும்.

– ஒரு வாசகி, கறம்பக்குடி, புதுக்கோட்டை மாவட்டம்