ஒரு மணி நேரம் அவர்களுக்கே வேண்டும்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனை முடிந்ததும் எந்தக் கோயில் வாசலிலாவது நின்று பாருங்கள். ஆண்கள் மரத்தடியில் கூடி ஊர்க்கதை பேசுவார்கள். வாலிபர்கள் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு அரட்டை அடிப்பார்கள். பெண்கள் மட்டும் வீட்டுக்கு ஓடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு தானாகக் கொதிக்காது அல்லவா?

கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் லுத்தரன் சபையானாலும் சரி, கத்தோலிக்கப் பங்கானாலும் சரி, பெண்களுக்கென்று ஒரு சங்கம் இருப்பது வழக்கந்தான். அந்தச் சங்கத்தின் வேலைகள் என்ன? கோயிலைப் பெருக்குவது, பீடத்துக்குப் பூ வைப்பது, பாடல் குழுவில் பாடுவது, திருவிழா விருந்துக்குக் காய்கறி நறுக்குவது, காணிக்கை திரட்டுவது. எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டில் செய்கிற வேலையைத்தான் அவர்கள் கோயிலிலும் செய்கிறார்கள். வீட்டில் ஆறு பேருக்குச் சமைக்கிறவர், இங்கே அறுநூறு பேருக்குச் சமைக்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்!

இந்தத் தொண்டோடு இன்னொன்றும் வேண்டும். பெண்கள் தங்கள் உடல் நலத்துக்காகவும் மன மகிழ்ச்சிக்காகவும் வாரத்தில் ஒரு மணி நேரம் கூட வேண்டும். அந்தக் கூட்டத்தை அவர்களே நடத்த வேண்டும். இது ஆடம்பரம் அல்ல, அவசியம் என்பதே நமது கட்சி.

லேஸ் பின்னிய கைகள்

கோயிலைச் சுற்றிப் பெண்கள் கைவேலைக்காகக் கூடுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1820-களில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அன்று திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. அது சட்டப்படி ஒழிந்தது 1855-ல்தான். அதற்கு முன்பே, லேஸ் பின்னிய கூலியைக் காசு காசாகச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கிய பெண்கள் உண்டு! மார்த்தாவின் மகள் எலிசா, கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது, அந்தக் கைவேலையும் அங்கே வந்தது. பொழுதுபோக்கு என்று நாம் நினைக்கும் ஊசியும் நூலும் ஒரு காலத்தில் விலங்கை அறுத்திருக்கின்றன.

நம் பக்கத்திலும் உதாரணம் இருக்கிறது. கள்ளக்குறிச்சி அன்று தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. அதே ஜில்லாவின் கடற்கரையில், பரங்கிப்பேட்டையில், டென்மார்க்கிலிருந்து வந்த ஆன் மேரி பீட்டர்சன் அம்மையார் சேவா மந்திர் என்னும் பெண்கள் பள்ளியை நிறுவினார். 1921-ல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தியடிகள். ஜெபமும் படிப்பும் கைராட்டையும் அங்கே ஒன்றுக்கொன்று பகையாக இருக்கவில்லை.

ஆனால் இந்த முயற்சிகள் எல்லாவற்றுக்கும் தலைமையில் வெளியிலிருந்து வந்த ஓர் அம்மையார் இருந்தார். அந்தக் காலத்துக்கு அது தேவையாக இருந்தது. இன்றும் அதே நிலை நீடிக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

கருணாபுரம் கேட்கும் கேள்வி

இதை ஏன் இப்பொழுது, அதுவும் கள்ளக்குறிச்சியில் பேச வேண்டும்?

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தை இந்த ஊர் மறக்காது. கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தெருவே பந்தலாயிற்று. மந்திரிகள் வந்தார்கள், தலைவர்கள் வந்தார்கள், நிவாரணத் தொகை வந்தது. எல்லாம் வர வேண்டியவைதாம். ஆனால் பதினாறாம் நாள் முடிந்த பிறகு, விளக்கு வைத்த நேரத்தில் வாசற்படியில் தனியே உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் யார் போய்ப் பேசுவது? “சாப்பிட்டாயா?” என்று யார் கேட்பது? அரசாங்கத்தால் பணம் கொடுக்க முடியும். பக்கத்தில் போய் உட்கார அதனால் முடியாது. அதற்கு அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே வாரந்தோறும் கூடிப் பழகிய பத்துப் பெண்கள் வேண்டும். துக்கம் வந்த பிறகு சங்கம் அமைக்க முடியாது. தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டுவது போலாகும் அது.

குடியின் கொடுமை வீட்டுக்குள் தொடங்கும்போது அதை முதலில் அறிகிறவள் மனைவி. அவள் அதை வெளியே சொல்ல ஓர் இடம் இல்லை. போதகரிடம் சொல்லக் கூச்சம். மாமியாரிடம் சொல்லப் பயம். கூடை பின்னிக்கொண்டே பேசும்போது அந்தக் கூச்சம் போய்விடும். கை வேலையில் இருந்தால் வாய் தானே திறக்கும். இது நம் பாட்டிமார்கள் திண்ணையில் கண்ட உண்மை.

உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு

“எங்கள் ஊர்ப் பெண்கள் காலை முதல் மாலை வரை கரும்புத் தோட்டத்திலும் மக்காச்சோளக் காட்டிலும் உழைக்கிறார்கள். அவர்களுக்கு உடற்பயிற்சி எதற்கு?” என்று சிலர் கேட்கலாம்.

உழைப்பு வேறு, உடல் நலம் வேறு. நாள் முழுதும் குனிந்து களை எடுக்கும் இடுப்புக்கு வேண்டியது இன்னும் நடை அல்ல. நிமிர்ந்து, நீட்டி, மூச்சு விட்டு, சற்றே இளைப்பாறுவதுதான் அதற்கு வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. பாதிக்கு மேல்! குடும்பம் முழுவதும் உண்ட பிறகு சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்து உண்ணும் பழக்கம் இருக்கும் வரை இந்தக் கணக்கு எப்படிக் குறையும்?

இதற்குப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை சுகாதாரச் செவிலியரை அழைத்து இரத்த அழுத்தம் பார்க்கச் செய்யலாம். இரத்தத்தைச் சோதிக்க எல்லோரும் சேர்ந்தே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். தனியாகப் போகத் தயங்கும் பெண் கும்பலோடு போகத் தயங்கமாட்டாள். முருங்கைக் கீரையையும் கேழ்வரகையும் பற்றி நாம் மேடையில் பிரசங்கம் செய்வதைவிட, ஒருத்தி அடை சுட்டுக் கொண்டுவந்து பத்துப் பேருக்குக் கொடுப்பது மேல்.

யார் தலைவி?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பல சபைகளில் போதகரின் மனைவியே பெண்கள் சங்கத்தின் தலைவி என்பது எழுதாத சட்டம். கத்தோலிக்கப் பங்குகளில் அந்த இடம் கன்னியர்களுடையது. அவர்கள் நல்லவர்கள், படித்தவர்கள், பிரயாசைப்படுகிறவர்கள். அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்களுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டால்? தையல் வகுப்பு நின்றுவிடும். பீரோச் சாவி யாரிடம் என்று தெரியாது. கணக்குப் புத்தகம் காணாமற்போகும். அடுத்தவர் வந்து முதலிலிருந்து தொடங்குவார். ஒருவர் போனதும் கலைந்துபோவது சங்கமா? இரவல் குடைக்கு ஒப்பானது அது.

ஆகவே அங்கத்தினர்களே தங்கள் தலைவியையும், காரியதரிசியையும், பொருளாளரையும் ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டாண்டுக்கு மேல் பதவியில் இருக்கக்கூடாது. போதகரின் மனைவி சாதாரண அங்கத்தினராக வரட்டும். பாவம், அவருக்குத்தான் ஓய்வு மிகவும் வேண்டும்!

“எங்கள் பெண்களுக்குக் கூட்டத்தில் பேசத் தெரியாதே?” என்பார்கள். மேரி சம்னர் என்ற ஆங்கில மாதை அவர்கள் அறிந்திருக்கமாட்டார்கள். 1876-ல் தம் ஊர்த் தாய்மார்களைக் கூட்டிய அவருக்கு முதல் கூட்டத்தில் பேச வாய் எழவில்லை. அடுத்த வாரம் வாருங்கள் என்று எல்லோரையும் அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் பேசினார். அன்று பிறந்ததுதான் பல நாடுகளிலும் பரவிய தாய்மார் சங்கம். பேச்சு பேசப் பேச வரும்.

நிர்வாகம் தெரியாது என்பதும் சரியல்ல. 1989-ல் பக்கத்துத் தருமபுரி ஜில்லாவில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. அன்று முதல் தமிழ்நாட்டுப் பெண்கள் பாங்குக் கணக்கு வைக்கிறார்கள், கடன் வாங்கி அடைக்கிறார்கள், தீர்மானம் எழுதுகிறார்கள். வெள்ளிக்கிழமை குழுவில் கணக்கு எழுதும் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மட்டும் கணக்குத் தெரியாமற்போகுமா?

ஒரே பாயில் உட்கார வேண்டும்

கசப்பான உண்மை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டை வட்டத்து எறையூரில், 2008 மார்ச் மாதம் ஒரே கோயிலைச் சேர்ந்த கிறிஸ்தவர்களுக்குள் சாதியின் பேரால் கலவரம் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். ஒரே பீடத்தின் முன் மண்டியிட்டவர்கள் ஒரே தெருவில் நடக்க முடியாத அவலம் அது!

பெண்கள் குழு ஒன்று அமையும்போது மேல்தெரு அம்மாள்கள் நாற்காலியிலும் காலனிப் பெண்கள் தரையிலும் உட்கார்ந்தால், அந்தக் குழு இல்லாமலிருப்பதே நல்லது. எல்லோரும் ஒரே பாயில் உட்கார வேண்டும். தேநீரை முறை வைத்து எல்லோரும் போட வேண்டும். காலனிப் பெண் போட்ட தேநீரை மேல்தெரு அம்மாள் குடிக்கும் நாளில், நூறு பிரசங்கம் செய்யாத வேலையை ஒரு டம்ளர் செய்திருக்கும்.

மலைக்கு வேறு வழி

கல்வராயன் மலையின் கதை வேறு. 1976 வரை ஜாகிர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்த மலை அது. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினரில் கிறிஸ்தவர்கள் சிலரே. குடும்பத்தோடு வெளி மாநிலங்களுக்கு வேலை தேடிப் போகிறவர்கள் பலர். அங்கே வாராவாரம் கூடுவது எளிதல்ல. அறுவடைக்காலம், ஊருக்குத் திரும்பும் காலம் என்று பார்த்துத்தான் கூட வேண்டும். கோயில் அங்கத்தினருக்கு மட்டும் என்று கதவைச் சாத்தினால் நாலு பேர்தான் மிஞ்சுவார்கள். கதவைத் திறந்துவைக்க வேண்டும். ஆனால் திறந்த கதவு வலையாக இருக்கக்கூடாது. சாமை குத்தவும் பாட்டுப் பாடவும் வருகிற பெண்ணின் சாமி எது என்று யாரும் கேட்கக்கூடாது. மேலும், மலைப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு போகக் கூடாது. சாமைச் சோறு, மூலிகை, தேன் ஆகியவற்றைப் பற்றி அவளிடம்தான் சமவெளிப் பெண்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

தொடங்குவது எப்படி?

பதினைந்து பேர் போதும். ஞாயிறு மாலை நான்கு முதல் ஐந்து வரை வைத்துக்கொள்ளலாம். மாதச் சந்தா பத்து ரூபாய். முதல் இருபது நிமிடம் உடற்பயிற்சி. அடுத்த முப்பது நிமிடம் கைவேலையோ கும்மியோ பாட்டோ. கடைசிப் பத்து நிமிடம் மனம்விட்டுப் பேச்சு. பேசியது பாயை விட்டு வெளியே போகக்கூடாது.

ஆசிரியர் தேடி அலைய வேண்டாம். ஒருத்திக்கு ஒயர் கூடை தெரியும்; ஒருத்திக்கு ஊறுகாய் தெரியும்; ஒருத்திக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும். தெரிந்தவள் தெரியாதவளுக்குச் சொல்லட்டும். தேர்தலுக்குச் சீட்டு எழுதத் தெரியாதவர்கள் புளியங்கொட்டை போடட்டும். மாதக் கணக்கை எல்லோர் முன்னிலும் உரக்கப் படிக்க வேண்டும்.

“கோயிலில் கும்மியா?” என்று முகம் சுளிப்பவர்கள் வேதாகமத்தைத் திறக்கட்டும். செங்கடலைக் கடந்த பிறகு மிரியாம் தம்புரு எடுத்து ஆடினாள். யோப்பா பட்டணத்துத் தொற்காள் விதவைகளுக்கு ஆடை தைத்துக்கொடுத்தாள். அவள் இறந்தபோது அந்த ஆடைகளைக் காட்டித்தான் விதவைகள் அழுதார்கள்.

குருவானவர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இரண்டே. மண்டபத்தின் சாவியைக் கொடுங்கள். கொடுத்துவிட்டு, உள்ளே வராதீர்கள். கணவன்மார்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: அந்த ஒரு மணி நேரம் குழந்தையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், மாலைக் காப்பியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள் காப்பி கொஞ்சம் கசந்தால் குடி முழுகிப்போகாது!