தேடுதல் குழுவில் ஒரு பெண்ணுக்கு இடமில்லையா?

சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நாற்காலி 2023 ஆகஸ்டில் காலியானது. அடுத்த துணைவேந்தருக்கான தேடுதல் குழுவில் மூன்று பேரா, யுஜிசி ஆளையும் சேர்த்து நான்கு பேரா என்று கிண்டி ஆளுநர் மாளிகைக்கும் கோட்டையிலுள்ள மாநில அரசுக்கும் நடந்த மல்லுக்கட்டு ஊரறிந்த கதை. அந்த மூன்று நான்கு பேரில் ஒருவராவது பெண்ணா என்ற கேள்வி மட்டும் அந்த இரைச்சலில் காதில் விழவேயில்லை. கல்லூரிப் பேராசிரியைகள் குழு ஒன்று அதைத்தான் இப்போது பொதுமக்கள் முன் வைக்கிறது.

1857-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. இத்தனை ஆண்டுகளில் ஒரு பெண்கூடத் துணைவேந்தர் ஆனதில்லை. லட்சுமணசாமி முதலியார் ஒருவரே 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். அவர் திறமையில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் பல்கலைக்கழகம் இருக்கும் அதே கடற்கரைச் சாலையில் உள்ள ராணி மேரிக் கல்லூரிக்கு 1914-லேயே ஒரு பெண்தான் முதல்வர்.

மற்ற இடங்களிலும் கதை இதுதான். கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1971-ல் பிறந்தது. முதல் பெண் துணைவேந்தர் வந்தது 2022-ல். 1920-ல் பல்கலைக்கழகமான அலிகாருக்கு 2024 வரை ஆனது. 23 ஐஐடிகளில் எதற்கும் பெண் இயக்குநர் வாய்க்காதபோது, 2023-ல் சென்னை ஐஐடி பேராசிரியை பிரீத்தி அகாலயம் ஒரு வளாகத்துக்குத் தலைவரானார். அந்த வளாகம் ஆப்பிரிக்காவின் சான்சிபாரில் இருக்கிறது!

ஆள் இல்லை என்ற சாக்கு எடுபடாது. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களில் 43.4 சதவீதம் பெண்கள். மாணவர் 4.33 கோடியில் 2.07 கோடி பேர் பெண்கள்.

பேராசிரியைகள் குழுவினரை அதிகம் கொதிக்க வைப்பது 2018 யுஜிசி விதிமுறைதான். உதவிப் பேராசிரியர் வேலைக்குப் பெண் ஒருவர் விண்ணப்பித்து, தேர்வுக் குழுவில் பெண் யாரும் இல்லையென்றால், ஒரு பெண் கல்வியாளரைச் சேர்த்தாக வேண்டும். துணைவேந்தர் தேடுதல் குழுவுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. வாசலில் காவல், கருவறையில் கதவே கிடையாது! போதாக்குறைக்குத் துணைவேந்தராகப் பத்தாண்டு பேராசிரியர் அனுபவமோ, ஆய்வு அல்லது கல்வி நிர்வாக நிறுவனத்தில் அதே அளவு அனுபவமோ வேண்டும். பிள்ளைப்பேறு, விடுதிக் காப்பாளர் வேலை என்று பதவி உயர்வு தள்ளிப்போனவர் அந்தப் பத்தை எட்டும்போது ஓய்வு வயது நெருங்கிவிடுகிறது.

கல்லூரி விழாக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாசலில் பன்னீர் தெளித்துச் சந்தனத் தட்டு ஏந்தி நிற்பவர் இருபத்தைந்து ஆண்டு அனுபவமுள்ள துறைத்தலைவி. தரமதிப்பீட்டுக்கு நாக் குழு வருகிறது என்றால் இரவெல்லாம் கோப்பு அடுக்குபவரும் அவரே. மேடையில் நாற்காலிகள் நிரம்பியபின் தொகுப்புரைக்கு மைக் அவரிடம் வரும்.

அரசுப் பள்ளிப் பெண்கள் கல்லூரிக்குப் போக மாதம் 1,000 ரூபாய் தருகிறது புதுமைப்பெண் திட்டம். நல்லது. அந்தப் பெண் பேராசிரியை ஆனபின் எந்தக் கதவில் முட்டி நிற்பாள் என்பதையும் அரசு யோசிக்கட்டும்.

தேடுதல் குழுவுக்கு செனட்டும் சிண்டிகேட்டும் ஆளுக்கொருவரை அனுப்புகின்றன. இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும் என்று பட்டதாரிகளும் பெற்றோரும் கடிதம் எழுத வேண்டும், நேரிலும் கேட்க வேண்டும். பெண்கள் கட்டும் கட்டணமும் பெண்கள் திருத்தும் விடைத்தாளும் வேண்டும், பெண்ணின் கையெழுத்து மட்டும் வேண்டாம் என்று இனியும் இருந்தால், ஆண்களை மட்டும் அனுப்பியது யார் யார் என்று பெயர் சொல்லியே அடுத்த செனட் தேர்தலில் கேட்கப்போவதாகப் பேராசிரியைகள் குழுவினர் சொல்கிறார்கள்.