பாட்டு எங்கே போச்சு?

சென்ற மாதம் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் என் அம்மாயியின் ஊருக்குப் போயிருந்தேன். (கொங்கு நாட்டில் அம்மாவைப் பெற்றவள் அம்மாயி.) அவளுக்கு வயது 86. தாய்மாமன்மார் பெயர்களையெல்லாம் கோத்து அவள் பாடும் தாலாட்டில் எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை தூங்கியிருக்கிறது. அதைப் பதிவு செய்து வரும்படி அம்மாவின் உத்தரவு.

உள்ளங்கை அளவு ஒலிப்பதிவுக் கருவியை நீட்டினேன். அம்மாயி மசியவில்லை. "கேட்டவுடனே ஊத்திக் குடுக்க, பாட்டு என்ன காப்பித் தண்ணியா கண்ணு?" என்றாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக் குழந்தை மடியில் சிணுங்கியபோது, தானாகவே ஆரம்பித்தாள். நாற்பது நிமிஷம்! கடைசி அடிக்கு வரும்போது கருவியின் விளக்கு பொசுக்கென்று அணைந்தது. பாட்டரி தீர்ந்துவிட்டது. புதியது போட்டுப் பார்த்தால், 'பதிவு: 0 விநாடி' என்கிறது. அம்மாயிக்கோ இருமல் பிடித்துக்கொண்டது. இன்னொரு தடவை பாடு என்று எந்த வாயால் கேட்பது?

சேலத்தில் கணினி வேலை பார்க்கும் சித்தி மகனுக்குப் போன் செய்தேன். "அக்கா, அந்தக் கார்டுல இனி ஒண்ணும் பதிவு பண்ணிராதீங்க! பாட்டு அதுக்குள்ளேதான் இருக்கும்" என்றான்.

சங்கதி இதுதான். கடைக் கணக்குப்பிள்ளை நாள் முழுதும் பேரேட்டில் எழுதுகிறார்; மொத்தத்தை முதல் பக்கத்தில் மாலையில்தான் போடுவார். அதற்குள் மனிதர் மயங்கி விழுந்துவிட்டால், முதல் பக்கத்தைப் பார்ப்பவர் 'வரவு பூஜ்யம்' என்றுதானே சொல்வார்? பல கருவிகள் இப்படித்தான். பாட்டை உடனுக்குடன் கார்டில் எழுதிவிடும். அதன் நீளத்தை மட்டும், நாம் நிறுத்தும் பொத்தானை அழுத்திய பிறகே குறிக்கும்.

பழைய நாடாவில் இந்த வம்பு கிடையாது. 1965-ல் பிரெண்டா பெக் என்ற அம்மையார் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி, அண்ணன்மார் கதையை நாடாவில்தான் பதிவு செய்தார். 1992-ல் அது புத்தகமாகவும் வந்தது. நாடாவில் காந்தம் ஏறியது ஏறியதுதான். நடுவில் மின்சாரம் நின்றாலும் அதுவரை பாடியது போகாது.

சரி, நம் பாட்டை மீட்பது எப்படி? தம்பி செய்ததைச் சொல்கிறேன். முதலில் கார்டைக் கழற்றி, பக்கவாட்டில் உள்ள சிறு பூட்டைத் தள்ளிவிட்டான். கணினி 'பார்மட் செய்யவா?' என்று கேட்டபோது, 'வேண்டாம்' என்றான். கார்டு முழுவதையும் அப்படியே நகல் எடுத்து, நகலில் மட்டும் கை வைத்தான். 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருளில், தலைப்பில்லாத வெறும் ஒலியாக அதைத் திறந்தான். விநாடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட், இரண்டு தடம் என்று, கருவியில் வைத்திருந்தபடியே கொடுத்தான். முதலில் ஒரே இரைச்சல்! தொடங்கும் இடத்தை ஒரு பைட் நகர்த்தினான், அம்மாயி பாடினாள்!

'வேவ்' வகைப் பதிவுக்கு இந்த வழி. எம்.பி.3 என்றால் இன்னும் சுலபம். துண்டு துண்டாக ஒவ்வொன்றும் தன் தலைப்போடு இருப்பதால், எழுதியவரை பெரும்பாலும் பாடிவிடும். கைப்பேசிகளில் பல, அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும். அவை பாதியில் நின்றால் மீட்பது கடினம். ஆகையால், நீண்ட பதிவைப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நிறுத்தித் தொடங்குவது நல்லது. கையில் புதுப் பாட்டரி இருப்பது அதைவிட நல்லது.

ஒன்றே ஒன்று திரும்பவில்லை. கடைசிச் சில விநாடிகள் கார்டில் இறங்குவதற்கு முன், கருவியின் நினைவிலேயே மறைந்துவிட்டன. கடைசி அடி போய்விட்டதே என்று அம்மாயியிடம் வருத்தப்பட்டேன்.

"போனாப் போகுது கண்ணு. அதைப் பாடறப்போ எந்தக் குழந்தை முழிச்சிருந்திருக்குது?" என்றாள் அம்மாயி.