பொய்க்கரியும் கொலைத்தீர்ப்பும்

கொலை கொடிது. கொலை செய்யாதவனைக் கொலையாளி என்று தீர்த்து ஒறுப்பது அதனினும் கொடிது. முன்னதைச் செய்பவன் தனியொருவன். பின்னதைச் செய்வதோ முறை காக்க அமர்ந்த அவை. இவ்விரண்டாம் கொடுமைக்கு வாயில் திறந்துவிடுவது பெரும்பாலும் நிறுத்துப் பாராமல் ஏற்கப்பட்ட சான்றே. சான்றுரைப்பவனைக் 'கரி' என்றும், பொய்யாகச் சான்றுரைத்தலைப் 'பொய்க்கரி' என்றும் பழந்தமிழர் வழங்கினர். சொல்லைத் தந்த இனம் அச்சொல்லின் பொருளை மறக்கலாமா?

மதுரையில் கோவலன் வெட்டுண்டது எதனால்? ஒரு பொற்கொல்லன் சொல்லால். அச்சொல்லை உரைத்தவனே அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன். தன் கழுத்தைக் காக்கப் பிறன் கழுத்தைக் காட்டினான். பாண்டியன் அவனைத் துருவி வினவவில்லை. குற்றஞ்சாட்டப்பெற்றவனை அவைக்கு அழைக்கவுமில்லை. கண்ணகியின் முறையீடு அவைக்கு வந்தபோது தீர்ப்பு நிறைவேறிவிட்டிருந்தது. சிலம்பு உடைந்து பரல் தெறித்தபின் உண்மை தெரிந்தது. அரசன் உயிர் நீத்தான். ஆயினும் கோவலன் இழந்த வாழ்வு மீளவில்லை. தன்னலம் உடையவன் சொல்லை ஆராயாமல் நம்பினால் என்ன நேரும் என்பதற்குச் சிலப்பதிகாரத்தினும் பெரிய பாடம் வேண்டுவதில்லை. அப்பாடத்தைத் தமிழ்நாடு கற்றுக்கொண்டதா என்பதே வினா.

1944 நவம்பர் 8-ஆம் நாள் சென்னை வேப்பேரியில் இலக்குமிகாந்தன் என்னும் இதழாசிரியர் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். 'சினிமாத் தூது', 'இந்துநேசன்' ஆகிய இதழ்களில் திரையுலகத்தாரின் தனிவாழ்வை இழித்தெழுதி வந்தவர் அவர். எனவே, அவரால் புண்பட்டோரே கொல்வித்திருப்பர் என்னும் எண்ணம் ஊரெங்கும் எளிதாய்ப் பரவியது. அக்காலத்துத் தமிழர் நெஞ்சில் முதலிடம் பெற்றிருந்த தியாகராச பாகவதரும், கலைவாணர் என். எசு. கிருட்டிணனும், இயக்குநர் சிரீராமுலு நாயுடுவும் கொலைச்சூழ்ச்சிக் குற்றத்திற் சிறைப்பட்டனர்.

குற்றஞ்சாட்டப்பட்டவர்களுள் ஒருவன் அரசுப்பக்கம் மாறிச் சான்றுரைத்தான். வழக்குமன்றத்தார் 'அப்ரூவர்' என்று வழங்குவது இத்தகையவனையே. தன் ஒறுப்பினின்று தப்புவதற்கு விலையாகப் பிறர் குற்றத்தை அவன் உரைக்கின்றான். அவன் சொல்வது மெய்யாகவும் இருக்கலாம். ஆனால், பொய் சொல்வதற்கு அவனைவிட வலிய தேவை உடையவன் மன்றத்தில் வேறொருவன் இரான். பாகவதரையும் கலைவாணரையும் அக்கொலையோடு பிணைத்ததில் அவன் நாவுக்குப் பெரும்பங்கு இருந்தது. 1945 மே மாதத்தில் நாயுடு விடுவிக்கப்பட்டார். மற்ற இருவருக்கும் வாழ்நாள் ஒறுப்பு விதிக்கப்பட்டது. அவர்கள் சென்னை உயர்வழக்குமன்றத்தில் மேல்முறையிட்டனர். அதே ஆண்டில் அம்முறையீடு தள்ளப்பட்டது. வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சிலுக்குச் சென்றது. முறையீட்டை மறுபடியும் ஆராயுமாறு பிரிவிக் கவுன்சில் அதனைச் சென்னைக்கே திருப்பியது. 1947 ஏப்பிரலில் உயர்வழக்குமன்றம் சான்றுகளை மீண்டும் நிறுத்துப் பார்த்து, அவை போதா எனக் கண்டு, இருவரையும் விடுவித்தது.

ஒரே கொலை, ஒரே குற்றச்சாட்டு, ஒரே மன்றம். 1945-இல் ஒறுப்புக்குப் போதும் எனப்பட்ட சான்று 1947-இல் போதாதாயிற்று. மாறியது நிகழ்ச்சியன்று, நிறுத்துப் பார்த்த துலாக்கோலே மாறியது.

இடைப்பட்ட ஈராண்டுக்கு மேற்பட்ட காலத்தை யார் திருப்பித் தருவார்? 1944-இல் வெளிவந்த 'அரிதாசு' சென்னையில் மூன்று தீபாவளி கண்டு ஓடிக்கொண்டிருந்தபோது அதன் தலைமை நடிகர் சிறைக்குள் இருந்தார். வெளிவந்தபின் பழைய உயரத்தை அவர் எட்டவேயில்லை, 1959-இல் மறைந்தார். கலைவாணர் 1957-இலேயே மறைந்துவிட்டார். கொலையுண்டவருக்கேனும் முறை கிடைத்ததா? அக்கொலைக்குப் பின்னே நின்றவர் யார் என்பதற்கு இன்றுவரை ஐயமற்ற விடையில்லை. பொய்க்கரி உயிரோடிருப்பவனை மட்டுமன்றி, இறந்தவனையும் வஞ்சிக்கிறது. தவறான ஒருவன் சிறைப்பட்ட அன்றே உண்மைக் கொலைஞனைத் தேடுவது நின்றுவிடுகிறது.

இனி, எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அவ்விருவர்க்கும் புகழ் இருந்தது. கடல்கடந்து வழக்காடப் பொருள் இருந்தது. அவர்கள் இடத்தில் பெயரறியாத ஓர் உழவனோ கூலியாளோ நின்றிருந்தால், 1945-ஆம் ஆண்டுத் தீர்ப்பே முடிந்த தீர்ப்பாகி, அவன் சிறையிலேயே முதுமையெய்தியிருப்பான். அவன் குற்றமற்றவன் என்பதை உலகம் அறிந்தேயிராது. முறை என்பது பொருளுடையார்க்குத் துலாக்கோலும், பொருளிலார்க்குக் கண்மூடித் தீர்ப்புமாக இருத்தல் தகுமா?

சட்டம் இதனை உணராமல் இல்லை. 1872-ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, உடன்குற்றவாளியின் சொல்லை மட்டுமே கொண்டு ஒறுத்தாலும் அது சட்டத்துக்குப் புறம்பாகாது என்றது. 114-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டோ, வேறு சான்று துணைநில்லாதவிடத்து அவனை நம்பத்தகாதவனாகக் கருதலாம் என்றது. ஒருகை கொடுத்ததை மறுகை தடுத்தது. 1957-இல் சென்னை மாநிலத்துக் கொலைவழக்கு ஒன்றில் உச்சவழக்குமன்றம் சான்றாளரை மூவகையாகப் பகுத்தது: முழுதும் நம்பத்தக்கவர், முழுதும் நம்பத்தகாதவர், இரண்டிற்கும் இடைப்பட்டவர். முதல்வகையார் ஒருவரே போதும். இரண்டாம் வகையாரை ஒதுக்கவேண்டும். மூன்றாம் வகையார் சொல்லுக்குப் பிற சான்று துணைநிற்கவேண்டும். தலையை எண்ணாதே, தரத்தை எண்ணு என்பதே இதன் சாரம். 2024 சூலை முதல் நடப்பிலுள்ள புதிய சான்றுச் சட்டம் வடமொழிப் பெயரைச் சுமந்து வந்தது தமிழர்க்கு உவப்பன்று. ஆயினும் அதன் 138-ஆம் பிரிவு, பிற சான்று துணைநிற்கும் உடன்குற்றவாளியின் சொல்லையே ஒறுப்புக்கு அடிப்படையாகக் கூறுவது நன்று. நல்லதை நல்லதெனக் கூறத் தயங்கவேண்டா.

"ஐயம், ஐயம் என்று எல்லாரையும் விட்டுவிட்டால் கொலைஞர் பெருகாரா?" என்பார் உளர். அக்கேள்வியிலும் பொருளுண்டு. ஐயத்தின் பயனை அளவிறந்து நீட்டலாகாது என்று 1973-இல் உச்சவழக்குமன்றமே எச்சரித்தது. கொழுந்துவிட்ட கற்பனையிற் பிறக்கும் ஐயம் ஐயமாகாது. சான்றின் உள்ளேயே இருக்கும் ஓட்டையிலிருந்து எழுவதே தக்க ஐயம். சொன்னவனுக்கு அதனால் வரும் ஊதியம் என்ன? முதலிற் சொன்னதும் பின்னர்ச் சொன்னதும் பொருந்துகின்றனவா? அவனைச் சாராத வேறொன்று அதற்குத் துணைநிற்கிறதா? இவற்றுக்கு விடை கிட்டாதபோது விடுவிப்பது இரக்கத்தாற் போடும் பிச்சையன்று. குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு உரிய கடன்.

திருக்குறளில் செங்கோன்மை அதிகாரத்தின் இறுதிக் குறள் கொலைஞரை ஒறுப்பதைப் பயிரிடையே களை பறிப்பதற்கு ஒப்பிடுகிறது. தூக்குமேடை வேண்டுவோர் அதனைத் தவறாமல் எடுத்துரைப்பர். அதே அதிகாரத்தின் முதற்குறள் ஆராய்தலை முதற்கடனாக வைத்திருப்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். முதற்குறளைக் கடந்தன்றோ இறுதிக் குறளுக்கு வரவேண்டும்! களை எது, பயிர் எது என்று தெரியாதவன் வயலில் இறங்கினால் விளைச்சல் என்னாகும்?

சான்றுரைக்க அழைக்கப்படும் ஒவ்வொரு தமிழனும் கண்டதைக் கண்டதாகவும் காணாததைக் காணாததாகவும் உரைக்கட்டும். சிறைப்பட்டவன் பெயர் செய்தித்தாளில் வந்த அன்றே அவனைக் கொலையாளி என்று தெருவில் தீர்ப்பெழுதாதிருக்கட்டும். இருக்கையில் அமர்ந்த நடுவர் ஆளைப் பாராமல் கரியை நிறுக்கட்டும். கண்ணகி வந்து முறையிடும்வரை காத்திருக்கும் அவை செங்கோல் அவை ஆகாது.