கூலிக்குக் குற்றம் என்று பெயர்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு உலகில் சில ஆண்டுகளுக்கொருமுறை ஓர் ‘ஊழல்’ வெடிப்பது வழக்கம். பல்கலைக்கழக அணியின் வீரர் ஒருவருக்குச் செல்வந்தர் ஒருவர் உறையில் பணம் வைத்துக் கொடுத்தார், அவருடைய பெற்றோருக்கு வீடு பிடித்துக் கொடுத்தார் என்பது செய்தியாக இருக்கும். நாளேடுகள் பதறும், விசாரணை நடக்கும், வீரரின் பெயர் சாதனைப் பட்டியலிலிருந்து அழிக்கப்படும். இந்தச் சந்தடியில் அடிப்படைக் கேள்வி மட்டும் எழுவதேயில்லை: உழைத்தவர் பணம் பெறுவது எப்போது, யாரால், யாருடைய நலனுக்காகக் குற்றமாக்கப்பட்டது?

அணிக்கு நன்கொடை அளித்தும், திறமையான இளைஞர்களைத் தம் பல்கலைக்கழகத்துக்கு ஈர்த்துவந்தும் செல்வாக்குத் தேடும் பணக்காரப் புரவலர்களை அங்கே ‘பூஸ்டர்’ என்கிறார்கள். இவர்களது பணம் பயிற்சி அரங்கின் கட்டடத்துக்குப் போனால் அது கொடை. பயிற்சியாளரின் சம்பளத்துக்குப் போனால் ஊக்கம். ஆடுகளத்தில் எலும்பு முறியும் வீரரின் கைக்குப் போனால் மட்டும் அது ஊழல். 2021 வரை நிலவிய நெறி இதுதான். அந்த நெறிக்கு இட்ட பெயர் ‘அமெச்சூர்’ கோட்பாடு.

வர்க்க வேலி

பணத்தை எதிர்பாராமல் விளையாட்டை விளையாட்டுக்காகவே நேசிப்பது என்று இக்கோட்பாட்டுக்கு அழகிய விளக்கம் தரப்படுகிறது. அதன் பிறப்புச் சான்றிதழோ வேறு கதை சொல்கிறது. 1879இல் இங்கிலாந்தின் ஹென்லி படகுப்போட்டி வகுத்த விதியின்படி, கூலிக்குக் கைவினைஞராகவோ உடலுழைப்பாளியாகவோ வேலை செய்தவர் அமெச்சூர் ஆகமாட்டார். ஓய்வு நேரமும் பரம்பரைச் சொத்தும் உடைய கனவான்கள், தம் படகோடு தொழிலாளியின் படகு போட்டியிடாதிருக்கக் கட்டிய வேலி அது.

அமெரிக்காவில் அந்த வேலி இலாபத்தின் காவலனாகவும் ஆனது. 1852இல் ஹார்வர்டும் யேலும் மோதிய முதல் கல்லூரிப் படகுப்போட்டிக்குச் செலவு செய்ததே ஒரு ரயில் நிறுவனம்தான். வணிகம் தொட்டிலிலேயே இருந்தது. தூய்மை மட்டும் வீரரிடம் கேட்கப்பட்டது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரு தங்கம் வென்ற பூர்வகுடி வீரர் ஜிம் தோர்ப், அதற்கு முன்பு சிறு ஊதியத்துக்குப் பேஸ்பால் ஆடியிருந்தார் என்பதற்காக 1913இல் பதக்கங்களை இழந்தார். அவர் 1953இல் மறைந்தார். அவரே தனி வெற்றியாளர் என்று ஒலிம்பிக் குழு மீண்டும் ஒப்புக்கொள்ள 2022 வரை ஆயிற்று.

ஒரு சொல்லின் பிறப்பு

1955இல் கொலராடோவின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடிய ரே டென்னிசன் தலையில் அடிபட்டு இறந்தார். வேலையில் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குரிய இழப்பீட்டை அவருடைய மனைவி கோரினார். ‘கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை’ என்ற வாதத்தை ஏற்று 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் அக்கோரிக்கையை நிராகரித்தது.

என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகம் ‘மாணவ வீரர்’ என்ற சொல்லைப் பரப்பியது இந்தக் காலத்தில்தான். வீரர்கள் தொழிலாளர்களாகக் கருதப்பட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தில் அச்சொல்லை உருவாக்கி, எல்லா விதிகளிலும் புகுத்தியதாகக் கழகத்தின் நெடுங்கால நிர்வாகி வால்டர் பயர்ஸே 1995இல் வெளியிட்ட தம் நூலில் எழுதினார். அமெச்சூர் கோட்பாட்டைக் கட்டிக்காத்தவரே இறுதியில் அதைப் பண்ணையடிமை மனப்பான்மையோடு ஒப்பிட்டார். ஒரு விதவைக்குத் தரவேண்டிய இழப்பீட்டைத் தவிர்க்க உதவிய சொல், அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கல்வியின் புனிதச் சொல்லாக ஓதப்பட்டது.

கல்வி உதவித்தொகையே ஊதியம்தானே என்று கேட்போர் உண்டு. 1973இல் என்.சி.ஏ.ஏ. நான்காண்டு உதவித்தொகையை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டிய ஒன்றாக மாற்றியது. பயிற்சியாளர் விரும்பாவிட்டால் மறு ஆண்டு உதவி இல்லை. வேலையைப் பொறுத்துக் கிடைத்து, மேலாளரின் விருப்பத்தால் நின்றுபோவதைக் கல்விக்கொடை என்பது எப்படி? அது கூலி, பேரம் பேசும் உரிமை மறுக்கப்பட்ட கூலி.

தண்டனை யாருக்கு?

பொறுப்பு எவர் தலையில் விழுகிறது என்பதில்தான் ஓர் ஒழுங்குமுறையின் வர்க்கக் குணம் வெளிப்படுகிறது. டெக்சாஸின் தெற்கு மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் பூஸ்டர் நிதியிலிருந்து வீரர்களுக்குச் சுமார் 61,000 டாலர் தரப்பட்டது அம்பலமானதும், 1987ஆம் ஆண்டு ஆட்டப் பருவம் முழுவதையும் என்.சி.ஏ.ஏ. ரத்துசெய்தது. பணம் தந்த பூஸ்டர்கள் அணியின் பக்கம் வரக்கூடாதென்று தடை விதிக்கப்பட்டதோடு சரி. பல்கலைக்கழக ஆளுநர் குழுவின் தலைவராக இருந்த பில் கிளெமென்ட்ஸ், பணப்பட்டுவாடா தொடர்வதற்கு ஒப்புதல் தந்ததை 1987 மார்ச்சில் ஏற்றுக்கொண்டார். அப்போது அவர் டெக்சாஸ் மாநிலத்தின் ஆளுநர். பதவிக்காலம் முடியும்வரை ஆளுநராகவே நீடித்தார்.

தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரெஜி புஷ், 2005இல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வென்றார். முகவராக விரும்பியவர்களிடமிருந்து அவரும் குடும்பத்தாரும் பணமும் வசதிகளும் பெற்றார்கள் என்ற தீர்ப்புக்குப் பின் 2010இல் கோப்பையைத் திருப்பித் தந்தார். பல்கலைக்கழகம் 30 உதவித்தொகை இடங்களை இழந்தது. அதாவது, அடுத்து வரவிருந்த இளைஞர்களும் தண்டம் கட்டினார்கள். பயிற்சியாளர் பீட் கரோல் தண்டனை அறிவிக்கப்படும் முன்பே தொழில்முறை அணிக்குப் போய்விட்டார். கோப்பை திரும்பியது, நுழைவுச்சீட்டு விற்ற பணம் எவருக்கும் திரும்பவில்லை. 2024இல் கோப்பை மீண்டும் அவரிடமே தரப்பட்டபோது, அவர் செய்த ‘குற்றம்’ நாடெங்கும் சட்டபூர்வ வணிகமாகிவிட்டிருந்தது.

சட்டம் மாறியது, உறவு மாறவில்லை

2021 ஜூன் 21 அன்று, கல்வி தொடர்பான சலுகைகளுக்கு என்.சி.ஏ.ஏ. வைத்திருந்த உச்சவரம்பு போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஜூலை 1 முதல் வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் பெற அனுமதி வந்தது. உடனே பூஸ்டர்கள் இருளிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தனர். ‘கூட்டமைப்பு’ என்ற பெயரில் நிதியமைப்புகளைத் தொடங்கி, நேற்று உறையில் தந்ததை இன்று ஒப்பந்தத்தில் தருகிறார்கள்.

2025 ஜூன் 6 அன்று ஏற்கப்பட்ட நீதிமன்ற உடன்பாடு இன்னும் ஓர் அடி சென்றது. பழைய வீரர்களுக்கு ஏறக்குறைய 280 கோடி டாலர் இழப்பீடு. இனி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதலாண்டில் 2.05 கோடி டாலர் வரை வீரர்களோடு பகிரலாம். இது போராட்டத்தின் பயன் என்பதில் ஐயமில்லை. ஆனால் உச்சவரம்பை நிர்ணயித்தபோது வீரர்களின் சங்கம் எதுவும் பேச்சுவார்த்தை மேசையில் இல்லை. 600 டாலருக்கு மேற்பட்ட வெளி ஒப்பந்தம் ஒவ்வொன்றையும் வீரர் ஒப்படைத்து, ஆய்வுக்கு உட்படுத்த வேண்டும். பயிற்சியாளருக்கு இத்தகைய வரம்பு எதுவும் கிடையாது. 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் ஜிம்போ ஃபிஷர் என்ற பயிற்சியாளரை நீக்கியபோது, இனி பணியாற்றாமல் இருப்பதற்காகவே அவருக்குத் தர ஒப்புக்கொண்ட தொகை ஏறக்குறைய 7.6 கோடி டாலர்.

இப்போதுதான் நட்சத்திரங்களுக்குக் கோடிகள் கிடைக்கின்றனவே, இனி என்ன குறை என்று முதலாளித்துவ ஊடகங்கள் கேட்கின்றன. சிலருக்குக் கிடைக்கும் கோடி, எல்லோருக்கும் உரிய உரிமைக்கு ஈடாகாது. புரவலர் மனம் வைத்தால் வருவது வெகுமதி. மனம் மாறினால் நின்றுவிடும். முழங்கால் முறிந்தவருக்குத் தொழிலாளர் இழப்பீடு, வேலைநேர வரம்பு, கூட்டுப்பேர உரிமை ஆகிய மூன்றையும் எந்தப் பூஸ்டரும் பரிசளிக்க முடியாது. பூஸ்டரைத் தீயவராகக் காட்டித் துரத்துவதும், வள்ளலாகக் காட்டி வரவேற்பதும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். இரண்டிலும் பல்கலைக்கழகம் முதலாளி என்ற பொறுப்பிலிருந்து நழுவிவிடுகிறது.

திறக்கப்படாத வாக்குப்பெட்டி

வழி எதுவென்று வீரர்களே காட்டியிருக்கிறார்கள். 2014இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் கால்பந்து வீரர்கள் எஃகுத் தொழிலாளர் சங்கத்தின் ஆதரவோடு சங்கம் அமைக்க முன்வந்தனர். ஆட்டப் பருவத்தில் வாரம் 40 முதல் 50 மணி நேரம் அவர்கள் உழைப்பதைக் கண்டறிந்த தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார இயக்குநர், அவர்கள் தொழிலாளர்களே என்று ஆணையிட்டார். வாக்களிப்பும் நடந்தது. 2015இல் இவ்விவகாரத்தைக் கையிலெடுக்க வாரியம் மறுத்ததால் அந்த வாக்குகள் எண்ணப்படவே இல்லை. 2024 மார்ச்சில் டார்ட்மவுத் கல்லூரிக் கூடைப்பந்து வீரர்கள் 13-2 என்ற கணக்கில் சங்கத்துக்கு வாக்களித்தனர். டிரம்ப் அமைக்கவிருக்கும் வாரியம் பாதகமான முன்னுதாரணத்தைப் படைத்துவிடும் என்ற நிலையில், ஆண்டிறுதியில் மனுவைத் திரும்பப் பெற நேர்ந்தது. வீரர்களுக்குத் தொழிலாளர் என்ற தகுதியை மறுக்கும் மசோதா 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பணத்தைக்கூட விட்டுக்கொடுக்க ஆளும் வர்க்கம் இணங்கும். ‘தொழிலாளி’ என்ற சொல்லை மட்டும் விட்டுக்கொடுக்காது. அந்தச் சொல்லோடு சங்கமும் வரும் என்பது அதற்குத் தெரியும்.

இந்தச் சொல்விளையாட்டு இந்திய உழைப்பாளிகளுக்குப் புதிதல்ல. அங்கன்வாடி ஊழியர் இங்கே ‘மதிப்பூதிய’ப் பணியாளர், உணவு சுமந்து ஓடும் இளைஞர் ‘பார்ட்னர்’. பெயர் கௌரவமாக இருக்கிறது. பணிக்கொடையும் விபத்து இழப்பீடும் கேட்கும்போதுதான் அந்தக் கௌரவத்தின் விலை தெரிகிறது. பெயரை மாற்றி உரிமையைப் பறிக்கும் இந்தத் தந்திரத்தை எந்த நாட்டில் கண்டாலும் நம் தோழர்கள் அடையாளம் காணவேண்டும். யார் பணம் பெற்றார் என்று துருவுவதை விட்டு, யாருடைய உழைப்பில் யார் கொழுத்தார் என்று கேட்பதே முதல் வேலை. அந்தக் கேள்விக்கு விடை காணும் வலிமை விசாரணைக் குழுக்களுக்கு இல்லை. திரண்டெழும் சங்கத்துக்கே உண்டு.