கங்காணி வேண்டாம் - கைகொடுப்போர் வேண்டும்!

தேவாலா மழைக்குப் பேர்போன ஊர். ஆனியிலும் ஆடியிலும் அங்கே குடை மடக்க நேரமிருக்காது. 1880ஆம் ஆண்டு வாக்கில் அந்த ஊருக்கு இன்னொரு பேரும் இருந்தது - தங்கம் கிடைக்கும் ஊர்! லண்டன் மாநகரிலே கம்பெனிகள் முளைத்தன, பங்குகள் பறந்தன, வெள்ளைத் துரைமார் இயந்திரங்களோடு மலையேறினர். குடைந்தனர், குடைந்தனர், குன்றெல்லாம் குடைந்தனர். சில ஆண்டுகளிலே கம்பெனிகள் கவிழ்ந்தன. போட்ட முதலுக்கு ஏற்ற பொன் கிடைக்கவில்லை. குழிகள்தாம் மிச்சம்!

தேவாலாவில் பொன் இல்லையா? உண்டு, தோழர்களே, உண்டு! துரைமார் எட்டிப் பார்க்காத லைன் வீட்டிலே உண்டு. தாய் கொழுந்துக் கூடையோடு மலையேறிய பிறகு, தம்பியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, தானும் ஓடிப்போய்ப் படித்துப் பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருக்கிறாளே ஒரு பெண், அவள்தான் அந்தப் பொன். அந்தப் பொன்னை வெளியே கொண்டுவர இயந்திரம் வேண்டாம். கூட நடக்க ஓர் ஆள் வேண்டும். அதைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

யார் இந்த மக்கள்? 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் ஓர் ஒப்பந்தத்திலே கையெழுத்திட்டனர். இலங்கைத் தோட்டங்களிலே நாடற்றோராக நின்ற 9,75,000 பேரைக் கணக்குப் பார்த்துப் பங்கிட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று! 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தனர். தேயிலைச் செடியை வளர்த்த மக்களைத் தேயிலை மூட்டையைப் போலப் பங்கிட்டனர். கப்பலேறி வந்தவர்களுக்கு வாழ்வு தர, அண்ணா ஆட்சியின்போது, 1968இல், நீலமலையிலே அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. பின்னாளில் 'டான்டீ' என்று பேர் பெற்றது அதுதான். கூடலூர், பந்தலூர், தேவாலா வட்டாரத்திலே அந்தக் குடும்பங்கள் வேர் பிடித்தன.

அவர்களுடைய பாட்டன் பூட்டனுக்கும் ஒரு வழிகாட்டி இருந்தான். அவன் பேர் கங்காணி! ஊருக்கு வந்தான், ஆசை காட்டினான், அழைத்துப் போனான். வழிச்செலவைக் கடனாக எழுதினான். தலைக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கினான். கடன் எழுதிய துண்டுச் சீட்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டம் போக முடியாது. அந்தத் துண்டு முறை ஒழிய 1921 வரை ஆயிற்று. கூலி வேலைக்கு அழைத்துப் போக ஆள் இருந்தான். கல்லூரிக்கு அழைத்துப் போக ஆள் உண்டா?

எண்ணிப் பாருங்கள். மதிப்பெண் பட்டியல் வந்துவிட்டது. என்ன படிப்பது, எங்கே படிப்பது? அப்பனுக்குத் தெரியாது, ஆத்தாளுக்குத் தெரியாது, லைனிலே எவருக்கும் தெரியாது. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று! இ-சேவை மையத்துக்கு நாலு நடை. நடை ஒன்றுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. எப்படியோ சேர்ந்தாள். ஆங்கிலத்திலே பாடம்; புரியவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. முதல் பருவத் தேர்விலே இரண்டு தாள் போயிற்று. அரியர் எழுதித் தேறலாம் என்பது வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். இவளுக்கோ படிப்பே போய்விட்டதாகத் தோன்றுகிறது. அந்த வாரம் பார்த்து, திருப்பூரிலே பனியன் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சேதி வருகிறது. பெட்டி கட்டுகிறாள்.

அவளுக்கு அறிவு இல்லையா? இருக்கிறது. "இரண்டு தாள்தானே அம்மா, அடுத்த பருவத்தில் எழுதிவிடலாம்" என்று சொல்ல ஒருவர் இல்லை. அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் ஒரு தலைமுறை பின்னுக்குப் போகிறது!

பணம் இல்லாமல் படிப்பு நிற்கக் கூடாது என்று 2010இல் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. அரசுப் பள்ளியிலே படித்துக் கல்லூரி புகும் மாணவிக்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் என்று 2022இல் புதுமைப் பெண் திட்டமும், மாணவனுக்கு 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கப்பட்டன. 2021-22ஆம் ஆண்டுக் கணக்கிலே, உயர்கல்வி சேர்க்கை விகிதம் இந்தியாவுக்கு 28.4; தமிழ்நாட்டுக்கு 47! பெருமைப்படுகிறோம். ஆனால் பணம் கல்லூரி வாசலைத் திறக்கும். வாசலுக்கு உள்ளே வழி சொல்ல மனிதன் வேண்டும்.

"உதவித்தொகையும் கொடுத்து, கையையும் பிடித்துக் கூட்டிப் போக வேண்டுமோ? தகுதி இருந்தால் தானே மேலே வரட்டுமே!" என்கின்றனர் சில மேதாவிகள். ஐயா மேதாவிகளே! உங்கள் கையை யாரும் பிடிக்கவில்லையா? அப்பா பிடித்தார், பெரியப்பா பிடித்தார், டெல்லியில் இருந்த மாமா கடிதம் எழுதினார். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், எந்தத் தேர்வு என்பதெல்லாம் உங்கள் வீட்டுச் சாப்பாட்டோடு பரிமாறப்பட்டன. தலைமுறை தலைமுறையாக வழிகாட்டியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, அதற்குத் தகுதி என்று பேர் வைத்தீர்கள்!

பேரறிஞர் அம்பேத்கருக்கே ஒரு கேலுஸ்கர் வேண்டியிருந்தது. பம்பாய்ப் பூங்காவிலே தனியே படித்துக்கொண்டிருந்த சிறுவனைக் கண்டார் அந்த ஆசிரியர், வேறு சாதிக்காரர். அவன் மெட்ரிக் தேறியபோது, தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். மேலே படிக்கப் பணமில்லை என்றபோது பரோடா மன்னரிடம் அழைத்துச் சென்றார். திங்களுக்கு இருபத்தைந்து ரூபாய் உதவி கிடைத்தது. 1913இல் அம்பேத்கர் கொலம்பியா சென்றார். அறிவு அம்பேத்கருடையது; கதவைத் தட்டிய கை கேலுஸ்கருடையது. அந்தக் கைக்குத் தலைக்காசு கேட்கத் தெரியாது!

வயது வந்தோரையும் மறக்க வேண்டாம். காஞ்சி நகராட்சியிலே எழுத்தராக அமர்ந்த இளைஞர் பிறகுதான் பச்சையப்பன் கல்லூரிக்குப் போனார். 1934இல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். அவரைத்தான் அண்ணா என்கிறோம். நாற்பது வயதிலே படிக்க ஆசைப்படும் தோட்டத் தொழிலாளிக்கும் வழி உண்டு. தனித்தேர்வராகப் பள்ளித் தேர்வு எழுதலாம். 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உண்டு. ஆனால் ஒரு சேதி. பத்து, பன்னிரண்டு, அதன் பிறகு பட்டம் என்ற வரிசையிலே படித்தால்தான் அரசுப் பணிக்குச் செல்லும் என்று 2009இலேயே அரசாணை வந்துவிட்டது. இதைச் சொல்ல ஆளில்லாமல், பள்ளித் தேர்வைத் தாண்டிக் குதித்து, நேரே பட்டத்துக்குப் பணம் கட்டினால் என்ன ஆகும்? கையிலே பட்டம் இருக்கும்; வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளிலே அது செல்லாக் காசாகும்!

மண்ணின் மூத்த குடிகளான பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் நமக்கு ஒரு பாடம் சொல்கின்றனர். கூடலூர் வித்யோதயா பள்ளியிலே பழங்குடி இளைஞர்களையே பயிற்றி ஆசிரியராக்கினர். தன் மொழி பேசும் அக்காள் கரும்பலகை முன்னே நின்றால் குழந்தைக்குப் பள்ளி அந்நியமாகத் தெரியாது. முன்னே போனவர் திரும்பி வந்து பின்னே வருவோருக்குக் கை கொடுப்பதற்கு இணை எதுவுமில்லை.

ஆகவே கழகத் தோழர்களே, நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். நோட்டுப் புத்தகம் கொடுத்தோம், படம் எடுத்தோம், சுவரொட்டி ஒட்டினோம். அந்தப் பிள்ளை இரண்டாம் ஆண்டு கல்லூரிக்குப் போனதா என்று பார்த்தோமா? பார்க்கவில்லை என்றால், தலைக்காசுக்குப் பதிலாகக் கைதட்டல் வாங்கிக்கொண்ட கங்காணிகள் நாம்!

செய்ய வேண்டியது சிறியது. விடாமல் செய்ய வேண்டியது. கிளைக்கு ஒரு பட்டியல் எழுதுங்கள்: நம் லைனிலே, நம் தெருவிலே முதன்முதலாகக் கல்லூரி போவோர் யார் யார்? ஒரு பிள்ளைக்கு ஒரு தோழர். பட்டம் பெற்ற தோழர் பாடத்துக்கு; படிக்காத தோழர் சான்றிதழ் நடைக்கு. சேர்க்கை நாளன்று கூடப் போங்கள். முதல் பருவத் தேர்வு முடிவு வரும் நாளன்று கட்டாயம் வீட்டுக்குப் போங்கள். அன்றுதான் பெட்டி கட்டும் நாள். பெற்றோரிடம் பேசுங்கள். படிப்பகத்திலே மாலையில் ஒரு மேசை, ஒரு விளக்கு, கேள்வி கேட்டால் சிரிக்காத ஓர் அண்ணன், ஓர் அக்காள் போதும். அவள் எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். எந்தத் தாள் பாக்கி என்று கேளுங்கள்!

லைன் வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் அதுவும் போகும். அந்தக் குடும்பத்திடமிருந்து யாரும் பறிக்க முடியாத சொத்து அந்தப் பெண் வாங்கப்போகும் பட்டம் ஒன்றுதான். துரைமார் விட்டுப்போன குழிகளில் மழைநீர் நிற்கிறது. அவர்கள் காணாத பொன் பேருந்து நிறுத்தத்திலே, நனைந்த புத்தகப் பையோடு நிற்கிறது.

கூடப் போவோம், வாருங்கள்!